சீனப் புத்தாண்டன்று கேன்டீன் திறந்திருக்கவில்லை

என் வேலு மச்சானுக்கு,

உன்னைப் பற்றிய ஒரு பொய்யை அச்சடித்துவிட்டார்கள். நம்மோடு சிங்கப்பூர்ப் படையில் தேசிய சேவை செய்தவர்கள் சேர்ந்து ஒரு நினைவு மலர் போட்டிருக்கிறார்கள். அதில் ஒரு பக்கம் முழுக்க நீதான். 'பிரியாணிக்காகக் காவலை விட்டுப் போன வேலாயுதம்' என்று தலைப்பு. முகாம் வாசலை அப்படியே போட்டுவிட்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு நீ ஓடுவது போல ஒரு கேலிப்படம். அந்தப் பொய்யை முதலில் சொன்னவன் நீ. ஐம்பது வருஷத்துக்கு மேல் அதை மறுக்காமல் இருந்தவன் நான். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. உன் காலில் விழுந்து கேட்க வேண்டிய மன்னிப்பை ஊர் படிக்கும்படி எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், பத்திரிகை படித்து எழுத்தைத் தேற்றிக்கொண்டவன் என்பது உனக்குத் தெரியும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். விஷயத்தில் பிழை இல்லை.

சிராங்கூன் சாலையில் ஒரு உணவகத்தின் மாடியில் மலரை வெளியிட்டார்கள். அந்தப் பக்கத்தைத் திரையில் காட்டினார்கள். கூடம் முழுக்கச் சிரிப்பு. நம் செக்‌ஷன் ஆட்கள் மேசையைத் தட்டினார்கள். நான் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்தும் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து மலரை மேசைமேல் போட்டேன். சரோஜா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தாள்.

"எங்கண்ணனை இப்படிப் படம் போட்டிருக்காங்க. நீங்க அங்க உக்காந்து சாப்பிட்டுட்டு வந்தீங்களா?"

அன்றைக்குத்தான் உன் தங்கையிடம் உண்மையைச் சொன்னேன். அவளைக் கட்டி இத்தனை வருஷம் கழித்து.

படிக்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். முகாமில் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. தீபாவளிக்குச் சீனப் பையன்களும் மலாய்ப் பையன்களும் எங்கள் காவல் முறையை எடுத்துக்கொள்வார்கள். நோன்புப் பெருநாளுக்கு நாங்களும் சீனர்களும். சீனப் புத்தாண்டுக்கு மற்றவர்கள். யாரும் உத்தரவு போடவில்லை. டியூட்டி புத்தகத்தில் பெயரை மாற்ற வேண்டுமென்றால் அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். பண்டிகை நாளில் அதற்கு யார் காத்திருப்பது? வாயால் சொல்லி மாற்றிக்கொள்வோம். புத்தகத்தில் பழைய பெயரே இருக்கும். அப்படி விட்டது எங்கள் எல்லாருடைய தப்பும்தான்.

அந்தப் புத்தாண்டு நாளில் வாசலில் நீ நின்றாய், உன் சொந்தப் பெயரில். வேலியைச் சுற்றி நடந்தவன் நான், நம் செக்‌ஷன் சீனப் பையன் பூன் ஹாக்கின் பெயரில். அவன் வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எனக்குக் காலையிலிருந்தே காய்ச்சல். நண்பகல் வெயிலில் சுற்றி வந்து வாசல் பக்கம் வந்ததும் கண் இருட்டியது. விழுந்தது வரைதான் நினைவு. நீ என்னைத் தோளில் போட்டுக்கொண்டு மருந்தறைக்கு ஓடியதாக அந்த மருந்தறையில் டியூட்டி பார்த்த மலாய்ப் பையன் ஹம்சா பிறகு சொன்னான். நீ திரும்பி வருவதற்குள் ஓர் அதிகாரி வாசலுக்கு வந்துவிட்டார். வாசலில் ஆள் இல்லை.

உண்மையைச் சொன்னால் யார் விழுந்தது என்று கேட்பார். மருந்தறைக்குப் போவார். புத்தகத்தில் பூன் ஹாக் பெயர் இருக்க, கட்டிலில் நான் கிடப்பேன். நீ சொன்னாய்: "பசிச்சது சார். கேன்டீனுக்குச் சாப்பிடப் போனேன்."

சாயங்காலம் என் கட்டிலருகே வந்து நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நடராஜா, வாயைத் தொறக்காதே. தொறந்தா பூன் ஹாக் உள்ள போவான், நீயும் போவ. நான் ஒருத்தன் போதும்." சத்தியம் வாங்கிக்கொண்டாய். நானும் கொடுத்தேன். அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது, மச்சான். அதையும் எழுதத்தான் வேண்டும்.

நீ தண்டனைக் கொட்டடிக்குப் போனாய். படையிலேயே நிரந்தரமாக இருக்க நீ கொடுத்திருந்த மனு திரும்பி வந்தது. சார்ஜண்ட் ஆவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் பின்னாளில் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பெட்டி ஏற்றப் போனாய். அந்த வேலைச் சட்டைக்கும் கத்தி மடிப்பு வைத்துத் தேய்த்துப் போட்டாய். நீ சொன்ன சாப்பாட்டைப் பிரியாணியாக்கி, ஒவ்வொரு சந்திப்பிலும் 'பிரியாணி வேலு' என்று கூப்பிட்டார்கள். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது என்று நான் ஒருநாளாவது உன்னைக் கேட்டேனா?

எல்லாம் கேட்டுவிட்டுச் சரோஜா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "எங்கம்மா சாகுற வரைக்கும் 'சோத்துக்காகப் பேரைக் கெடுத்துக்கிட்டானே'ன்னு அழுதாங்க. அவங்க காதுலயாச்சும் சொல்லியிருக்கலாமே."

மலர் தீர்ந்துவிட்டதாம். அடுத்த மாதம் மறுபடி அச்சடிக்கிறார்கள். செயலாளர் ராஜேந்திரனுக்குப் போன் செய்தேன். நமக்குப் பின்னால் வந்த அணிக்காரன்.

"அண்ணே, அது ஜோக் தானே லா. எல்லாரும் எவ்வளவு ரசிச்சாங்க!"

"பொய் தம்பி அது."

"அவரே ஒத்துக்கிட்டாரு அண்ணே. தண்டனையும் அனுபவிச்சாரு. இப்ப போய் மாத்தச் சொன்னா சாட்சி வேணாமா?"

"நான்தான் சாட்சி."

"நீங்க அவருக்கு மச்சான். வேற யாராச்சும் சொல்லட்டும், பாக்கலாம்."

சரி என்று வைத்துவிட்டேன். ஹம்சா போய்ச் சேர்ந்துவிட்டான். மிச்சம் இருப்பவன் பூன் ஹாக். போன வாரம் அவனைத் தேக்கா சந்தைக்கு வரச் சொன்னேன். கைத்தடியோடு வந்தான். நாங்கள் பேசுவது பாதி மலாய், பாதி ஆங்கிலம். இங்கே தமிழில் எழுதுகிறேன். கோப்பி வந்ததும் நேராகக் கேட்டேன்.

"வேலு சாப்பிடப் போனானே, அன்னைக்கு கேன்டீன் திறந்திருந்துச்சா?"

"என்ன கேள்வி இது? சைனீஸ் நியூ இயர்லா. கேன்டீன் கிழவன் மூணு நாள் பூட்டிட்டுல்ல போவான். பிஸ்கட்டைத் தின்னுட்டுத்தான் டியூட்டி..."

நிறுத்திவிட்டான். குவளையைக் கீழே வைத்தான். "அப்புறம் வேலு எங்க போனான்?"

சொன்னேன். பூட்டிய கேன்டீனில் ஒருவன் என்ன சாப்பிட முடியும்? அத்தனை வருஷம் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தவர்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. உன்னைப் பிடித்த அதிகாரிக்குமா தோன்றவில்லை? அல்லது பொய் என்று தெரிந்தே எழுதிக்கொண்டாரா? உனக்காவது அந்த நேரத்தில் அது நினைவில் இருந்ததா, மச்சான்?

"லீவு முடிஞ்சு வந்தப்ப எங்கம்மா புத்தாண்டுக்குச் செஞ்ச பைனாப்பிள் டார்ட் கொண்டாந்தேன்" என்றான் பூன் ஹாக். "விசாரணைக்குக் காத்துக்கிட்டிருந்தான். நாலு எடுத்துத் தின்னான். ஒரு வார்த்தை சொல்லலை. நானும் அவனைப் பிரியாணின்னுதான் கூப்பிட்டேன், சாகுற வரைக்கும்." பிறகு என்னைப் பார்த்தான். "நீ பக்கத்துலயே உக்காந்திருந்த."

"ஆமா."

"இப்ப நான் என்ன செய்யணும்? அதைச் சொல்லு."

அவனுக்குச் சொன்னதையே எல்லாருக்கும் சொல்கிறேன். நாங்கள் கிழவர்கள். பெயர் மாற்றி நின்றதற்காக இனி யாரையும் கொட்டடியில் போட முடியாது. உனக்குக் கொடுத்த சத்தியம் யாரைக் காப்பாற்றவோ, அவனே அதை முறிக்கத் தயாராகிவிட்டான்.

ராஜேந்திரன் அந்தப் பக்கத்தை எடுக்க வேண்டும். படத்தையும் சேர்த்து. எடுத்தால் போதாது, அதே இடத்தில் நடந்ததைப் போட வேண்டும். வேறு சாட்சி கேட்டார். அன்றைக்குத் தான் முகாமில் இல்லை, தன் இடத்தில் நின்றவன் நடராஜன் என்று பூன் ஹாக் தன் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும், தருகிறேன் என்றிருக்கிறான். மேசையைத் தட்டிச் சிரித்த நம் செக்‌ஷன் ஆட்கள் அந்தப் பட்டப்பெயரை விட வேண்டும். விற்ற பிரதிகள் யார் யார் வீட்டில் இருக்கின்றனவோ, அவரவர் வீட்டுக்குத் திருத்தத் தாளைக் குழு அனுப்பி வைக்க வேண்டும். தபால் வேண்டாமென்றால் நானே எம்ஆர்டி ரயில் ஏறிக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

மீதி என் வேலை. அடுத்த சந்திப்பில், அதே மாடியில், சரோஜாவை முன்வரிசையில் உட்கார வைத்து, விழுந்தவன் நான், சுமந்தவன் நீ என்று என் வாயால் சொல்வேன். மைக் கொடுக்காவிட்டாலும் சொல்வேன்.

உன் தங்கை சரோஜாவின் வீட்டுக்காரன்,
நீ தூக்கிச் சுமந்த மச்சான்,
நடராஜன்