நான் இல்லாத நேரத்து யூனிட்டுகள்

அக்டோபர் 28, செவ்வாய்

விடியும் முன்பே மழை. நேற்றுத் துவைத்த துணி இன்னும் ஈரம். பஸ் பாஸ் புதுப்பிக்க வேண்டும். அப்பாவுக்கு பி.பி. மாத்திரை.

கரண்ட் பில் வந்தது. 241 யூனிட்.

பழைய வீட்டில் நூறைத் தாண்டாது. ரெட்டியார்பாளையம் வந்து இது மூன்றாவது மாதம். போன மாதம் 228. வெயில் காலம் என்று சொல்லித் தேற்றிக்கொண்டேன். இந்த மாதம் பாதி நாள் மழை, ஃபேனே வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் உள்ளவை: ஃபிரிட்ஜ் 1, ஃபேன் 3, டியூப் லைட் 4, டிவி, மிக்ஸி, அயர்ன் பாக்ஸ். பின்பக்க பால்கனியில் அம்மாவின் பெரிய கிரைண்டர். அம்மா போனதிலிருந்து மூடித்தான் கிடக்கிறது.

உள்ள ஆட்கள்: அப்பா, நான். நான் காலை 7.40-க்குக் கிளம்பி காலாப்பட்டில் கல்லூரி நூலகம் போனால் திரும்ப மாலை 6.30.

வாடகை நான், கரண்ட் பில்லும் மருந்தும் தம்பி என்று பேச்சு. சேகருக்கு பில்லைப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே போன்.

"என்னக்கா, ரெண்டு பேருக்கு இவ்ளோவா? ஏசி எதனா போட்டியா?"

"இல்லடா."

"நீ வேலைக்குப் போயிடற. அங்க என்ன நடக்குதுன்னே உனக்குத் தெரியல. அவரு அடுப்பப் பத்த வச்சிட்டு மறந்தாலும் தெரியாது. ஒன்பதாம் தேதி ஞாயித்துக்கிழம வரேன், அம்பத்தூர் கூட்டினு வந்துடறேன். நீ தனியாளு, ஒரு ஹாஸ்டல் பாத்துக்கலாம்."

தனியாள். கணவரை விட்டு வந்து பதினான்கு வருஷம். யாரும் இவ்வளவு சாதாரணமாக இதைச் சொன்னதில்லை. சேகர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் அந்தச் சொல் செரிக்கவில்லை.

அப்பா எதிரே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். காது மந்தம். எதுவும் கேட்டிருக்காது.

ஒன்பதாம் தேதிக்குள் காரணம் கண்டுபிடிக்க வேண்டும்.

அக்டோபர் 29, புதன்

தூறல். இட்லி மாவு பாக்கெட் புளித்துவிட்டது. கொட்டினேன்.

நூலகத்துத் தோழி நேற்று ராத்திரி போனில் சொன்னாள்: எல்லா சுவிட்சையும் நிறுத்திவிட்டு மீட்டரின் சிவப்பு விளக்கைப் பார், விட்டுவிட்டு எரிந்தால் எங்கோ கசிகிறது என்று. காலையில் மாடிப்படிக்குக் கீழே குனிந்து நின்று பார்த்தேன். விளக்கு அசையவில்லை. கசிவு இல்லை.

மாலையில் எலக்ட்ரீஷியன். ஸ்குரூ டிரைவரால் தலையைச் சொறிந்துகொண்டே, "லைன் சுத்தமா இருக்குதுக்கா. மீட்டரும் சரியாத்தான் ஓடுது. உங்க வூட்லதான் யாரோ கரண்ட்ட திங்கறீங்க."

"யாரு?"

"மீட்டர காலைல ஒருவாட்டி சாயங்காலம் ஒருவாட்டி எழுதி வெச்சிப் பாருங்க."

எழுதுகிறேன். காலையில் குனிந்தபோது கண்ணில் பட்டது கா. 4318. மா. 4325.

அக்டோபர் 31, வெள்ளி

வியா. கா. 4327, மா. 4334.
வெள். கா. 4336, மா. 4342.

நான் வீட்டில் இருக்கும் இரவு முழுக்க இரண்டு யூனிட். நான் இல்லாத பகலில் ஆறு, ஏழு.

பகலில் இந்த வீட்டில் என்ன ஓடுகிறது? தண்ணீர் மோட்டார். பெரிய மோட்டார், கீழே குடியிருக்கும் வீட்டுக்கார ஆக்னஸ் அக்காவுடையது. எங்கள் மீட்டரில் மாட்டியிருந்தால்?

யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. பையைக்கூட இறக்காமல் நேராகக் கீழே போய்க் கேட்டேன். ஆக்னஸ் அக்காவுக்கு அறுபத்தெட்டு இருக்கும். புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், இறந்து நான்கு வருஷம். தெருவில் இதைச் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு, என்றால்தான் தெரியும்.

"அக்கா, மோட்டார் எந்த மீட்டர்ல ஓடுது?"

காபி வடிகட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "ஏம்மா கலா, என்ன கேக்க வர? நேரா கேளு."

"இல்ல, பில்லு ஜாஸ்தியா..."

"உன் கரண்ட்டுல நான் தண்ணி குடிக்கிறனாமா?"

கையைப் பிடித்து இழுத்துப் போகாத குறை. மோட்டாரைப் போட்டார். அவருடைய மீட்டரில் சிவப்பு விளக்கு படபடவென்று அடித்தது. எங்களுடையது தூங்கியது.

"பாத்தியா? போதுமா?"

மன்னிப்புக் கேட்டேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். மெதுவாகத்தான் சாத்தினார்.

நவம்பர் 1, சனி

இங்கே பிரெஞ்சு ஆட்சி முடிந்த விடுதலை நாள், லீவு. வெயில் எட்டிப் பார்த்தது. தலைக்குக் குளித்தேன். அலமாரிக்குப் பேப்பர் மாற்றினேன். அம்மாவின் மூக்குக் கண்ணாடி கிடைத்தது, ஒரு பக்கம் நூல் கட்டியது. போட்டுப் பார்த்தேன். எனக்கு அளவாக இருக்கிறது.

கா. 4344, மா. 4345. ஒரே யூனிட்.

அப்பா நாள் முழுக்க நிலைகொள்ளாமல் நடந்தார். பகல் தூக்கம் இல்லை. மில்லில் இருபத்தாறு வருஷம் நைட் ஷிப்ட், மூடிய பிறகு தேங்காய்த்திட்டு ஐஸ் பேக்டரியில் இரவு வாட்ச்மேன். பகல்தான் அவருக்கு ராத்திரி. இன்று கண் சிவந்து, கோபம். "இந்தத் தெருவுல ஒரு நாய்கூட குலைக்க மாட்டேங்குது" என்றார். குறையாகச் சொன்னார்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். ஆக்னஸ் அக்கா ஆட்டோவில் சாமந்தியும் மெழுகுவத்தியும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வெள்ளைப் புடவை. என்னைப் பார்த்தும் பார்க்காமல். அவருக்குப் போய் உட்கார ஓர் இடமாவது இருக்கிறது என்று தோன்றியது. அம்மாவைக் கடலில் கரைத்துவிட்டோம்.

கா. 4347, மா. 4349.

ஆக, நான் இருந்தால் ஓடாது. நான் போனால் ஓடுகிறது. வீட்டில் மிச்சம் ஒருவர்தான்.

சாப்பிடும்போது கேட்டேன். சத்தமாகக் கேட்க வேண்டியிருந்தது, அதனால் விசாரணை மாதிரி ஆகிவிட்டது.

"ப்பா, நான் போனப்புறம் என்ன போடற?"

"என்னா போடறன்? சோறு போட்டு துன்றன்."

"டிவியா?"

"எனக்கு என்னா காது கேக்குது, டிவி பாக்க."

"அப்ப என்னதான் பண்ற?"

"படுத்துக்குவன்." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ரசம் ஊற்றக் கையை நீட்டவில்லை. ஏதோ இருக்கிறது.

நவம்பர் 3, திங்கள்

கா. 4351. மழை இல்லை, மேகம். குடை மறந்தேன்.

கிளம்பும்போது ஆக்னஸ் அக்கா கேட்டில் வழிமறித்தார். பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவது போல நின்று.

"மாவு யாவாரம் நல்லா போவுதா?"

"என்ன யாவாரம்க்கா?"

"சும்மா நடிக்காத. தெனம் பத்து மணிக்கு ஆரம்பிக்குது, மூணு நாலு வரைக்கும் என் தலைக்கு மேல கடகடகடன்னு. சீலிங் பெயிண்ட் உதிருது. செய், வேணாங்கல. ஆனா வீட்டு மீட்டர்ல யாவாரம் பண்ணா ஃபைன் என் பேர்லதான் வரும். அத நிறுத்து, இல்ல வேற வீடு பாரு. இதுல என்னையே வந்து திருடின்னு வேற..."

"திருடின்னு நான் சொல்லலக்கா."

"கேட்டது அதுதான்."

பஸ்ஸில் ஜன்னலோரம். கடல் தெரிகிற திருப்பம் வரை அந்தக் கிரைண்டரையே நினைத்துக்கொண்டு.

பத்து லிட்டர், ஒரு ஹெச்.பி. மோட்டார். அம்மா அதில் மாவாட்டித் தெரு முழுக்க விற்றுத்தான் என்னை பி.காம். படிக்க வைத்தாள். அந்தச் சத்தத்தில் காதில் பஞ்சு வைத்துப் படித்தேன். ஒருமுறை "இதுக்கு நான் படிக்காமயே இருக்கலாம்" என்று கத்தினேன். அம்மா மறுநாள் மட்டும் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஆட்டினாள். ஹாலில் அப்பா, நைட் ஷிப்ட் முடிந்து, அதே சத்தத்தின் பக்கத்தில் பாய் போட்டுத் தூங்குவார்.

வீடு மாறும்போது கிரைண்டரை விற்றுவிடலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். "அது வரலைன்னா நானும் வரல" என்றார். நாலு பேர் தூக்கி மாடிக்கு ஏற்றினார்கள்.

மா. 4358.

கிரைண்டரை மூடியிருந்த சாக்கை விலக்கிப் பார்த்தேன். கல் ஈரம். மாவு வாசனை இல்லை. வெறும் தண்ணீர்.

அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

அரை நாள் லீவு. ஒன்றரைக்குத் தெருமுனையில் இறங்கினேன். வீட்டை நெருங்கும்போதே கேட்டது.

நின்றுவிட்டேன். ரோட்டில், வெயிலில், பையோடு. இரண்டு வருஷமாகக் கேட்காத சத்தம். வயிறு பசித்தது. சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன், ஆனாலும் ஸ்கூல் விட்டு வந்த பசி.

சாவி போட்டுத் திறந்தேன். பால்கனிக் கதவு திறந்து, கிரைண்டர் சுற்றுகிறது. உள்ளே ஒரு சொம்புத் தண்ணீர் தளும்புகிறது. பக்கத்தில் பாய். அப்பா ஒருக்களித்து, வாய் லேசாகத் திறந்து, ஒரு கை தரையில் விரித்து வைத்து, குழந்தை மாதிரி தூக்கம். இந்த வீட்டில் அவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

சுவரோரம் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து சுவிட்சை நிறுத்தினேன்.

சட்டென்று கண் திறந்தார். முகம் மலர்ந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"நீயா."

அவ்வளவுதான். அந்த மலர்ச்சி முகத்தை விட்டுப் போவதை நான் பார்த்தேன்.

டீ போட்டுக் கொடுத்தேன். தானாகவே சொன்னார்.

"பழைய வூட்ல செவுத்துக்கு அந்தாண்ட லேத்து பட்டறை இருந்திச்சி. அவ போனப்புறம் அத வெச்சி ஓட்டினன். இங்க ஒண்ணுமே இல்ல. கண்ண மூடினா காதுல ஙொய்ங்குது."

"சரி, தூக்கம் வந்தப்புறம் நிறுத்தலாம் இல்ல? அஞ்சு மணி நேரம் ஓடுதுப்பா."

"தூங்கறவன் எப்பிடி நிறுத்துவான்?" சிரித்தார். பிறகு: "உளுந்து பொங்கிச்சின்னா சத்தம் மெத்துனு ஆவும். அப்ப பாதி முழிப்பு வரும். அப்புறம் அவ நிறுத்துவா. சத்தம் நின்னா முழுசா முழிப்பு வந்துடும். எழுந்தா டீ இருக்கும். வெறுந்தண்ணி ஒரே சத்தம். யாரும் நிறுத்தறது இல்ல. நானா எப்ப எழுந்துக்கறனோ அப்பதான்."

இதுதான் 241.

நவம்பர் 6, வியாழன்

மழை மறுபடி. செருப்பு அறுந்தது.

கிரைண்டர் சத்தத்தைப் போனில் பதிவு செய்து, தலைமாட்டில் வைத்துப் போட்டேன். அப்பா இரண்டு நிமிஷம் மரியாதைக்குக் கேட்டார்.

"யாரோ வாய் கொப்புளிக்கற மாரி இருக்குது."

"சத்தமா வெக்கட்டுமா?"

"சத்தம் இல்ல பாப்பா. தரை அதிரணும்." உள்ளங்கையைத் தரையில் வைத்துக் காட்டினார்.

சரிதான். செவிடான மனுஷருக்கு எப்படிக் கேட்கிறது என்று இரண்டு நாளாக யோசித்தேன். கையால் கேட்கிறார்.

சேகர் மெசேஜ்: ஞாயிறு 11 மணிக்கு வரேன். அப்பா துணியெல்லாம் எடுத்து வை.

எடுத்து வைக்கவில்லை.

நவம்பர் 8, சனி

கீழே போனேன். ஆக்னஸ் அக்காவிடம் முழுக்கச் சொன்னேன், வாசலில் நின்றபடியே. உள்ளே வா என்று சொல்லவில்லை முதலில். பாதியில் சொன்னார்.

கேட்டு முடித்தார். பிறகு, "எங்க வூட்டுக்காரரு குறட்ட விடுவாரு. நாப்பது வருஷம் திட்டினேன்" என்றார். சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தை நகர்த்தினார். அங்கிருந்தே குரல்: "விக்காத வரைக்கும் எனக்கு ஃபைன் வராது. ஒரு மணி நேரம்னா ஓட்டிக்க. பெயிண்ட் அடிச்சிக் குடு."

"சரிக்கா."

"சும்மா தண்ணிய எதுக்கு ஆட்டறது? எனக்கு ரெண்டு கிலோ மாவு குடு."

ஒரு மணி நேரத்தில் யார் நிறுத்துவது? வார நாளில் நான் இல்லை. எலக்ட்ரீஷியனிடம் கேட்டேன், நேரம் வைத்தால் தானாக நிற்கிற சுவிட்ச் இருக்கிறதாம். அடுத்த வாரம் மாட்டுகிறேன் என்றார்.

ஒரு சுவிட்ச். நிறுத்தும். டீ?

பிளாஸ்க் வாங்க வேண்டும்.

நவம்பர் 9, ஞாயிறு

காலை எட்டுக்கு அரிசி ஊறப் போட்டேன், உளுந்து தனியாக. அளவு தெரியவில்லை. அப்பாவைக் கேட்டால், "எனக்கு சத்தம்தான் தெரியும்."

சேகர் பதினொன்றுக்கு வந்தான். காலி டிராலி பை. அவன் பெண் வரைந்த படம் அப்பாவுக்கு. நெத்திலி வறுவல், சாம்பார். சாப்பிட்டதும் ஆரம்பித்தான்.

"கண்டுபுடிச்சியாக்கா?"

"கண்டுபுடிச்சேன். கொஞ்சம் இரு, காட்டறேன்."

உளுந்தைப் போட்டு சுவிட்சைத் தட்டினேன். கடகடகட. அப்பா எழுந்து போய்ப் பாயை விரித்தார், யாரும் சொல்லாமல். அப்பா கையைத் தரையில் விரித்துக் கண்ணை மூடுவதை சேகர் பார்த்தான்.

நான் சொல்லச் சொல்லக் கேட்டான். சுவரில் சாய்ந்தான். "அம்பத்தூர்ல பெரிய கிரைண்டர எங்க வெக்கறதுக்கா. கீழ் ஃபிளாட்காரன் போலீஸுக்குப் போயிடுவான்" என்றான். கொஞ்ச நேரம் கழித்துச் சரிந்தான். பத்து நிமிஷத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில், முழங்கை மடித்துத் தலைக்கு வைத்து, சின்ன வயதில் படுப்பது மாதிரியே. காலி பை நடுவில்.

நான் கல்லோரம் உட்கார்ந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். உளுந்து பொங்க ஆரம்பித்தது. சத்தம் மெத்தென்று ஆனது. அப்பாவின் விரல் அசைந்தது.

அப்போது கரண்ட் போனது.

இருவரும் ஒன்றாகக் கண் திறந்தார்கள். கிரைண்டர் நின்ற அமைதியில் மூன்று பேரும் திரும்பிச் சமையலறை வாசலைப் பார்த்தோம்.

பிறகு நான் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தேன். மூன்று டம்ளர் எடுத்தேன். பால் இல்லை. கடைக்கு.