இறுக்காத நட்டுகள்

வியாழன், இரவு

இருபது வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

நெல் கிடங்கில் துருப்பிடித்துக் கிடந்த அப்பாவின் ஸ்போர்ட்ஸ் காருக்கு உயிர் கொடுத்தவன் நான். இன்று பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளைத் திரும்ப மாட்டினேன். நட்டுகளைக் கையால் மட்டும் முடுக்கியிருந்தேன். வண்டியின் பாரம் தரையில் இறங்கிய பிறகே ஸ்பானரால் இறுக்க வேண்டும். முன்பே இறுக்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டு கிழியும்.

ஜாக்கியை இறக்கும்போது அண்ணன் தன் சம்பந்தியோடு வந்தான். ஞாயிறன்று திருக்கடையூரில் அவனுக்கு அறுபதாம் கல்யாணம். அண்ணியை இந்தக் காரில்தான் அழைத்துப்போவானாம்.

"இவன்தாங்க நம்ம மெக்கானிக்."

"தம்பின்னு சொல்ல வாய் வரலையாண்ணே?"

"எம்.ஏ. படிச்சுட்டு கிரீஸ் பூசிக்கிட்டு நிக்கிற. வேற என்னடா சொல்றது?"

ஸ்பானரை வீசினேன். அவன் உதடு பிளந்தது. அவன் என் வலது கையைக் கார்க் கதவில் வைத்து அறைந்து சாத்தினான். இரண்டு விரல்கள் நசுங்கின. பிறகு ஆள் வைத்து, காரை லாரியில் ஏற்றி மாயவரத்தில் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான்.

நட்டுகள் இன்னும் இறுக்கப்படவில்லை. முதல் வளைவிலேயே அவன் உருண்டு சாகட்டும்.

ஆனால் பக்கத்து சீட்டில் அண்ணி இருப்பார்.

அவனோடு இனிப் பேச மாட்டேன். தனித்தாளில் எழுதியாயிற்று: பின் நட்டுகளை இறுக்காமல் ஓட்டாதே. இடது கைக் கிறுக்கல், யாரென்று தெரியாது. காலை முதல் தபாலில் போடுவேன், சனிக்கிழமை அவன் கைக்குப் போய்விடும். பெயர் போட மாட்டேன்.