செருப்பை விட்டுவிட்டுப் போனவர்கள்

மே 6, செவ்வாய்

இன்று போதகர் ஐயாவுக்குப் போன் போட்டு, அவர் இன்னும் பூமியில்தான் இருக்கிறாரா என்று விசாரித்தேன். எழுதும்போதே காது சுடுகிறது.

மூன்றரை மணிக்கு பஸ் டிப்போவிலிருந்து வீட்டுக்கு வந்தேன். கதவு திறந்து கிடந்தது. வாசலில் வீட்டுக்காரி செருப்பும் மகள் செருப்பும் ஜோடி ஜோடியாக. உள்ளே மின்விசிறி சுற்றுகிறது. கட்டில்மேல் பாதி மடித்த போர்வை. மகளின் நோட்டில் ஒரு வரி பாதியில் நிற்க, பேனா மூடாமல் கிடந்தது. கூப்பிட்டேன், பதிலில்லை. முதலில் மகள் அறை, பிறகு சமையலறை, குளியலறை. கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்தேன். கல்யாணமாகி இருபது வருஷமான மனைவி கட்டிலுக்கு அடியில் ஏன் போகப்போகிறாள் என்று அப்போது தோன்றவில்லை.

போன ஞாயிறு சபையில் கேட்ட பிரசங்கம் அப்படி. ஆண்டவர் திரும்பி வருவார், கண் மூடித் திறப்பதற்குள் தம்முடையவர்களை எடுத்துக்கொள்வார், செருப்பு மாட்டக்கூட நேரம் இருக்காது என்றார் ஐயா. செருப்பு என்றே சொன்னார். மறுபடி வாசலுக்குப் போய்ச் செருப்பைப் பார்த்தேன். இரண்டு பேரும் போய்விட்டார்கள், நான் மட்டும் மிச்சம். அடுத்த வீட்டில் தையற்காரரின் மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவர் சபைப் பக்கமே வராதவர், அதை நம்பி ஆறுதலடைய முடியாது. அதனால்தான் போன்.

"ஐயா, இருக்கீங்களா?"

"இருக்கேனே. என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல ஐயா. நீங்க போயிட்டீங்களான்னு..."

"எங்க?"

சொன்னேன். ஐயா மெதுவாகக் கேட்டார்: "தம்பி, நான் போயிருப்பேன்னு நினைச்சு போன் பண்ணீங்களா, போயிருக்க மாட்டேன்னு நினைச்சா?"

போனை வைத்துவிட்டேன்.

அம்மாவும் மகளும் மொட்டைமாடியிலிருந்து சொட்டச் சொட்ட இறங்கி வந்தார்கள். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்ததாம். நிறைந்ததும் தானாக மூட வேண்டிய வால்வு பழுது. கையளவு வால்வை நான் மாற்றுவதாகச் சொல்லி மூன்று மாதம் ஆகிறது. சங்கதி தெரிந்ததும் வீட்டுக்காரி படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

மே 7, புதன்

வீட்டுக்காரி இன்று குளிக்கப் போகும்போது, "ஏங்க, பாத்ரூமுக்குத்தான் போறேன். ஐயாவுக்குப் போன் பண்ணிடாதீங்க" என்றாள்.

மே 11, ஞாயிறு

ஐயா பிரசங்கத்தில் "நமக்குத் தெரிந்த ஒரு சகோதரர்" என்று ஆரம்பித்தார். பெயர் சொல்லவில்லை. சொல்லவே வேண்டாம், மொத்தச் சபையும் திரும்பி என்னைப் பார்த்துவிட்டது. நானும் திரும்பி எனக்குப் பின்னால் யாரென்று பார்த்தேன். என் பின்னால் சுவர்.

ஆனால் ஒன்று முடிவு செய்தேன். சிரிப்பு சிரிப்பாக இருக்கட்டும், இனி ஆயத்தமாக இருக்க வேண்டும். காலம் சரியில்லை. டி.வி.யைப் போட்டால் சண்டை. டிப்போவில் இரண்டு ரூட்டை நிறுத்தப்போகிறார்கள், டிப்போவையே மூடப்போகிறார்கள் என்று பேச்சு. எது நிலைக்கும்?

மே 14, புதன்

மகளுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. நான்கு வருஷம். பஸ்ஸில் ஏழு மணி நேரம். முப்பதாம் தேதிக்குள் அப்பா கையெழுத்துப் போட்ட ஃபாரம் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்கு.

நான் சொன்னேன்: "ஆண்டவர் வாசல்ல நிக்கிற காலம்மா இது. நாலு வருஷப் படிப்பெல்லாம் எதுக்கு?"

அவளுக்குப் பதில் அவள் அம்மா பேசினாள். "போன மாசம்தானே பஸ் கம்பெனி சங்கத்துல அஞ்சு வருஷச் சீட்டுல சேர்ந்தீங்க? அது யாருக்கு, ஆண்டவருக்கா?"

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வதில் எனக்கு ஈடு இல்லை. ஃபாரத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மே 19, திங்கள்

இன்று ஸ்பேர் ட்யூட்டி. ஏதாவது டிரைவர் வராவிட்டாலோ, வண்டி வழியில் நின்றாலோ, கூப்பிட்டதும் ஸ்பேர் வண்டியை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். அதுவரை டிப்போவில் காத்திருப்பதுதான் வேலை. நல்ல வாய்ப்பு என்று ஓய்வறையில் ஷூவைக் கழற்றி வைத்து, கண்ணை மூடி ஜெபத்தில் உட்கார்ந்தேன்.

பத்து மணிக்குக் கூப்பிட்டார்கள். ஒரு கால் ஷூ பெஞ்சுக்கு அடியில் உருண்டுபோய்க் கிடைக்கவில்லை. கிடைத்து ஓடினால், வண்டியில் பிரேக்குக்கான காற்று ஏறவே இல்லை. காலையிலேயே பார்த்திருக்க வேண்டும். பதினைந்து நிமிஷம் தாமதம். வழியில் நின்ற பஸ்ஸின் பயணிகள் நாற்பது பேர் வெயிலில்.

திரும்பி வந்ததும் டைம்கீப்பர் பிடித்துக்கொண்டார். அவர் எந்தக் கோயிலுக்கும் போகாதவர்.

"கண்ண மூடிட்டு என்னய்யா பண்ணிட்டிருந்த?"

"ஆண்டவர் வருகைக்காகக் காத்திருந்தேன் சார்."

"சரி, வந்துட்டாரு. வந்து, 'வண்டிய எடுப்பா'ங்கறாரு. பிரேக் பிடிக்குமா உன் வண்டி?"

குனிந்து ஷூ லேஸைக் கட்டினேன். பதினேழு வருஷ சர்வீஸ்.

மே 22, வியாழன்

தொட்டி வால்வு மாற்றினேன். மாற்ற ஆன நேரம் இருபது நிமிஷம். மாற்றாமல் கழித்த நேரம் மூன்று மாதம், ஒரு பிரசங்கம், ஒரு மானம்.

மே 25, ஞாயிறு

ஃபாரம் இன்னும் பையில்தான். சபை முடிந்து நடந்து வரும்போது மகள் கேட்டாள்.

"அப்பா, ஒரு சந்தேகம்."

"கேளு."

"ஆண்டவர் வரும்போது நம்ம தெருவுக்கு மட்டும்தான் வருவாரா?"

"என்ன பேச்சு இது? உலகம் முழுக்கத்தான்."

"அப்ப ஹாஸ்டலுக்கும் வருவாருல்ல?"

வீட்டுக்காரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தோள் சொன்னது.

"அங்க நீ தனியா இருப்பே" என்றேன்.

"ராத்திரி பகல் பாக்காம நோயாளிங்க பக்கத்துல நிக்கிற வேலப்பா. அவரு வர்றப்ப நான் அப்படி நின்னுட்டு இருந்தா வேணாம்னா சொல்வாரு?"

எந்தப் போதகரிடம் படித்தாள் இதை? என் பெண்தானா இவள்?

மே 28, புதன்

நாளை மறுநாள் கடைசி நாள். இந்த நோட்டில் பொய் எழுதி யாரை ஏமாற்றப்போகிறேன், எழுதிவிடுகிறேன்.

அன்றைக்குச் செருப்பு மட்டும் கிடந்தபோது, ஆண்டவர் என்னை விட்டுவிட்டாரே என்று நான் பதறவில்லை. அது இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் ஓடியது மகள் அறைக்கு. பாதியில் நின்ற அந்த வரியைப் பார்த்துத்தான் கட்டிலுக்கு அடியிலும் தேடினேன். அவ இல்லாத வீட்டுல நான் என்ன பண்ணுவேன்? அவ்வளவுதான் விஷயம். அதுக்குப் போயி ஆண்டவர் வருகைய இழுத்துட்டேன். அவர் பெயரைச் சொல்லி என் பெண்ணை வீட்டில் பூட்டப் பார்த்தேன். இதுவா ஆயத்தம்? இப்போது அவர் வந்தால் எந்த முகத்தோடு எழுந்து நிற்பேன்?

மே 29, வியாழன்

காலையில் கையெழுத்துப் போட்டேன். பழக்க தோஷத்தில் கீழே ஸ்டாஃப் நம்பரும், வண்டி எடுத்த நேரம் 6.10 என்றும் எழுதிவிட்டேன். மகள் வாங்கிப் பார்த்து, "அப்பா, காலேஜ்ல என்னை எத்தனை மணிக்கு இறக்கணும்னும் எழுதிக் குடுங்க" என்றாள். பிறகு நெடுநேரம் என் தோளில் சாய்ந்திருந்தாள். சட்டை நனைந்தது. இந்த முறை தொட்டி வால்வு நன்றாகத்தான் இருந்தது.

நானே பஸ் ஏறிக் காலேஜுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, ரசீது வாங்கி ராத்திரி வீடு திரும்பினேன்.

ஜூன் 12, வியாழன்

இரண்டு ரூட்டும் நின்றுவிட்டன. என்னை நிரந்தரமாக ஸ்பேரில் போட்டுவிட்டார்கள். அடுத்து என்ன என்று யாருக்கும் தெரியாது. காற்று, தண்ணீர், டயர், கண்ணாடி எல்லாம் பார்த்துவிட்டு ஷூவோடு ஜெபம் பண்ணினேன். டைம்கீப்பர் எட்டிப் பார்த்து, "காத்து பாத்தாச்சா?" என்றார். பாத்தாச்சு சார் என்றேன். "அப்ப எனக்கும் சேத்துப் பண்ணு" என்று போய்விட்டார்.

ஜூன் 28, சனி

மகளைக் காலேஜுக்குப் பஸ் ஏற்றிவிட்டோம். பஸ் ஓட்டப்போகிறவனிடம் பிரேக் எப்படி, நேற்றுத் தூங்கினாயா, எத்தனை வருஷ சர்வீஸ் என்று கேட்டேன். எல்லா டயரையும் உதைத்துப் பார்த்தேன். "அண்ணே, வேணும்னா நீங்களே ஓட்டிட்டு வாங்க" என்றான். மகள் ஜன்னலில் முகத்தை மூடிக்கொண்டாள், வெட்கம். பஸ் திரும்பும்வரை கை ஆட்டினாள்.

ஜூன் 29, ஞாயிறு

காலையில் வாசலில் என் செருப்பும் வீட்டுக்காரி செருப்பும் மட்டும். அவள் அதைப் பார்த்தாள், நான் பார்த்ததையும் பார்த்தாள். "ஐயா இருக்காரான்னு வேணா ஒரு போன் போடுங்க" என்றாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே சபைக்குப் போனோம்.

ஆராதனை முடிவில் வழக்கம்போல எல்லோரும் எழுந்து "ஆண்டவரே, சீக்கிரம் வாரும்" என்றோம். நானும் வாய்விட்டுத்தான் சொன்னேன். இந்தத் தடவை பயமில்லை.

வாய்விட்டுச் சொல்லாதது ஒன்று உண்டு. நீர் வருகிற வழியில்தான் என் மகள் படிக்கிற ஊர் இருக்கிறது ஆண்டவரே. முதலில் அவளை ஏற்றிக்கொண்டு வாரும். நாங்கள் இங்கே ஷூ மாட்டி நிற்கிறோம்.