அறுபத்திரண்டு யூனிட்

அன்பு வாலுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உங்கப்பாவும் சௌக்கியம், அவருடைய முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முனகுகிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. நீயும் சௌக்கியம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய், அதைப் பற்றித்தான் பேச வேண்டும். போனில் ஆரம்பித்தால் நைசாகப் பேச்சை மாற்றிவிடுவாய், காகிதத்தில் அது நடக்காது.

உங்கப்பா கேட்டார் என்று நீயும் அண்ணனும் கரண்ட் பில்லைப் படம் பிடித்து அனுப்பினீர்களே, அன்றிலிருந்து வீட்டில் அவர் ராஜ்ஜியம்தான். மாடியில் சோலார் போடுவதற்கு முன்னால் எங்கெங்கே கரண்ட் என்ன விலை என்று தெரிய வேண்டாமா என்று, மூன்று பில்லையும் வைத்துப் பெரிய அட்டையில் கட்டம் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார். நமக்குப் பாதி நிலக்கரியிலிருந்து வருகிறது, மீதி அணைத் தண்ணீர், இன்னும் பலவற்றிலிருந்து. அண்ணன் இருக்கும் பாலைவனத்தில் எரிவாயு. நீ இருக்கும் குளிர் தேசத்தில் காற்றாலையும் அணு உலையும். நம் நாலு யூனிட் விலைக்கு உனக்கு ஒரு யூனிட்தான் கிடைக்கிறது என்றதும் மனிதர் ஆடிப்போய்விட்டார். காற்று சும்மாதானே அடிக்கிறது, அதற்கு எதற்கு இந்த விலை என்று நாலு நாளாக என்னோடு சண்டை, ஏதோ நான்தான் காற்றைக் கூறு போட்டு விற்றதுபோல. கம்பி, வரி, பராமரிப்பு எல்லாம் அதற்குள்ளே இருக்கும் என்று சொன்னேன், கேட்டால்தானே. அண்ணன் இடத்தில் யூனிட் மலிவு, அதனால் ஆயிரத்து நூறு ஓட்டியிருக்கிறான். அண்ணியைக் கேட்டால், ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டு இரண்டு போர்வைக்குள்ளே சுருண்டுக்கிறது உங்க பிள்ளைதான் அத்தை, நான் இல்லை என்கிறாள். நமக்கு நூற்று எண்பது. உனக்கு அறுபத்திரண்டு. சிக்கனத்தில் என் மகளுக்குத்தான் முதல் பரிசு என்று உன் கட்டத்தில் உங்கப்பா சிவப்பு மையால் ஒரு நட்சத்திரம் வரைந்தார்.

அவர் பார்த்தது விலையை, நான் பார்த்தது யூனிட்டை. இருபத்தெட்டு வருஷம் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்தவளடி உன் அம்மா. யூனிட் ஏறியிருந்தால் வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறார்கள், இறங்கியிருந்தால் யாரோ ஆஸ்பத்திரியில் என்று, அவர்கள் கதவைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். உன் பில்லில் இருப்பது நடுக் குளிர்கால மாதம். வெந்நீர் கட்டிடத்துக்கே பொது, அடுப்பு கேஸ் என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஃபிரிட்ஜுக்கு முப்பது போகும், விளக்கு, கம்ப்யூட்டர், வாஷிங் மெஷின் எல்லாம் சேர்ந்து இன்னொரு முப்பது. மிச்சமிருக்கும் இரண்டு யூனிட்டில் எந்த ஹீட்டர் ஓடும், நீயே சொல். வீடியோவில் வீட்டுக்குள்ளேயே குல்லாயும் கையுறையுமாக உட்கார்ந்து, இதுதாம்மா இங்கே ஃபேஷன் என்றாய், நானும் ஈயென்று இளித்துக்கொண்டு நம்பினேன். அதே மாதம்தான் சோலாருக்கு என்று உன் பணமும் வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் மாடியில் வெயில் பிடிக்க நீ அங்கே விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறாய். கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. அழுகையை நான் வைத்துக்கொண்டு கோபத்தை உங்கப்பாவுக்குக் கொடுத்தேன், இங்கே வேறு யார் இருக்கிறார்கள்.

விஷயம் புரிந்ததும் அவர் எழுந்துபோய் அந்த நட்சத்திரத்தை நகத்தால் சுரண்டி எடுத்தார். மறுநாள் காலையிலேயே சோலார்காரருக்குப் போன் போட்டு, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் தம்பி, வெயில் எங்கேயும் ஓடிப்போயிடாது என்று சொல்லிவிட்டார். உன் பணம் முழுவதையும் உனக்கே திருப்பி அனுப்பியாயிற்று. மறுபடி அனுப்பினால் மறுபடியும் திரும்பி வரும், உனக்குப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று உனக்கே தெரியும். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் முதலில் எழுந்து ஹீட்டரைப் போடு. ஜன்னல் இடுக்கில் பழைய துணியைச் சுருட்டி வை. முகம் வாடித் தெரிகிறது, நேரத்துக்குச் சாப்பிடு.

நோய்நொடி அண்டாமல், கைகால் சூடாக, நீ நன்றாக இருக்க வேண்டும், எங்களுக்கு அது போதும். அடுத்த பில் வந்ததும் மறக்காமல் படம் அனுப்பு. முந்நூறுக்கு ஒரு யூனிட் குறைந்திருந்தாலும் ரீடிங் எடுக்க நானே வந்து உன் கதவைத் தட்டுவேன்.

இப்படிக்கு,
வேலையிலிருந்து மட்டும் ஓய்வு பெற்ற
உன் அம்மா