நூற்றியொரு கிலோ குழந்தை

9-6-2003, திங்கள்
ஐந்து வயதுக் குழந்தைக்கு எடை நூற்றியொரு கிலோ! வெளிநாட்டு மருத்துவ இதழின் அட்டவணையில் இன்று நான் செய்த சாதனை. பரந்தாமன் சார் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "காய்ச்சல் நூத்தியொண்ணும்மா. எடையில போய் குந்திகினு இருக்கு." டீம் லீடர் முன்னால் சிரிக்கலாமா? சிரித்துத் தொலைத்தேன்.

வெள்ளிக்குள் சரிசெய்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் ஆறு மாதத் தற்காலிகத்தோடு வீடு. நைனாவுக்கு அதுதான் ஆசை. "வயலாண்ட ஆளில்ல. நீ இன்னாத்துக்கு மெட்ராஸ் போய் கட்டத்த நோண்டிகினு கிடக்கற?"

போவேன். எனக்குப் பிடித்திருக்கிறது.

10-6-2003
நான் எழுதிய ஸ்டைல்ஷீட் நிரல் செய்வது இவ்வளவுதான்: இதழிலிருந்து வரும் எக்ஸ்எம்எல் கோப்பின் அட்டவணையில் நாலாவது கட்டமா, நாலாவது தலைப்பைக் கொண்டுவந்து சேர். தலைப்புகள் நாலு: பெயர், மருந்து, காய்ச்சல், எடை. கீழே கட்டங்கள் ஐந்து! மருந்து மட்டும் காலை, இரவு என்று இரண்டு. சரி, மூன்றாவதிலிருந்து ஒன்றைக் கழி என்று எழுதினேன். இந்த அட்டவணை ஜோர். அடுத்த முப்பதில் இரட்டைக் கட்டம் வேறு வேறு தலைப்பின் கீழ்; முப்பதும் நாசம்.

11-6-2003
நாசம்தான்.

12-6-2003
கண்டுபிடிச்சிட்டேன்! கண்டுபிடிச்சிட்டேன்!

காலை ரயிலில் நாலு பேர் பெஞ்சில் மூன்று பேர்தான். கொஞ்சம் தள்ளுங்க என்றேன். பூ விற்கும் வள்ளியம்மாள் பக்கத்திலிருந்த கூடையைத் தட்டினார். "ஆள எண்ணாத கண்ணு, எடத்த எண்ணு. கூடைக்கும் ஒரு எடம்."

அட! தலைப்பை எண்ணக் கூடாது. ஒவ்வொரு தலைப்பும் எத்தனை இடம் பிடித்திருக்கிறது என்று கூட்டிக்கொண்டே வர வேண்டும். மருந்துக்கு இரண்டு இடம். அப்படியானால் காய்ச்சல்தான் நாலாவது!

நின்றுகொண்டே டிபன் சுற்றிய பேப்பரில் எழுதினேன். மணவூர் வருவதற்குள் முடிந்தது. "குழந்தைக்கு எடை குறைஞ்சிடுச்சும்மா!" என்று கத்தினேன். வள்ளியம்மாள் பாவம், பதறிப்போனார். "ரெண்டு வேளையும் முட்ட குடு கண்ணு."

13-6-2003, வெள்ளி
நானூற்றுப் பன்னிரண்டு அட்டவணைகள். ஒன்றுகூடத் தடுமாறவில்லை. குழந்தை பதினேழு கிலோ. பரந்தாமன் சார் எழுந்து வெளியே போனார். இரண்டு டீயோடு திரும்பினார். ஒன்று எனக்கு!

1-7-2003
வயலில் இருக்க வேண்டிய நேரத்தில் நைனா என்னோடு ஸ்டேஷனுக்கு வந்தார். சீசன் டிக்கெட் வரிசையில் எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"ஒரு மாசத்துக்கா?" என்று கவுண்டரில் கேட்டார்கள்.

"மூணு மாசத்துக்கு குடுங்க," என்றார் நைனா.