முதலாளி உட்காரும் சீட்டு

1-2-64, சனிக்கிழமை.

மூன்று மாதமாக நான் ஓட்டும் இந்த வேனில் செல்ப் ஸ்டார்ட்டர் ஒரு நேரம் எடுக்கிறது, ஒரு நேரம் எடுப்பதில்லை. நான் தனியாக மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் தட்டியவுடன் எடுக்கும். முதலாளி ஏறினால்தான் வம்பு.

இன்றும் மலைமேல் சோளக்காடு ஊர்ச் சந்தையில் அதே கதை. மிளகு கொண்டுவந்த ஆறு பேர் தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டுத் தள்ளினார்கள். "ஏனுங்க, நீங்க கொஞ்சம் எறங்குனா லேசா இருக்குமுங்க" என்றார் ஒருவர். முதலாளி காது கேட்காதவர்போல உட்கார்ந்திருந்தார். பிறகு அத்தனை பேர் முன்னாலும் என்னைப் பார்த்து, "நான் ஏறுனா மட்டும் உனக்கு வண்டி கெளம்பாது. வேணும்னே பண்றயா?" என்றார்.

மலையிறங்கி, பேளுக்குறிச்சியில் அவர் இறங்கிப் போனதும் செல்ப் எடுத்தது. அவர் சீட்டில் ஒரு மிளகு மூட்டையை வைத்துப் பார்த்தேன். எடுக்கவில்லை. மூட்டையை இறக்கினேன். எடுத்தது. சீட்டுக்கு அடியில்தான் பாட்டரி. பாரம் ஏறும்போதெல்லாம் சீட்டுக் கம்பி அமுங்கி ஒயரை நெம்பியிருக்கிறது. அந்த மனிதர் ஒரே ஒரு தடவை இறங்கியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

ஒயரைத் தள்ளிவைத்து இறுக்கினேன். முதலாளி வந்து ஏறினார். உடனே எடுத்தது. "பாத்தியா, காலைல நாலு வார்த்த கேட்டதும் ஒழுங்கா கெளம்புது" என்று சிரித்தார். "ஆமாங்க" என்றேன்.

ஒயரைப் பழையபடியே வைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் தள்ளப்போவது அவர் இல்லையே.