கிளம்பினது எத்தனை பேர்?

ஜோகுபாளையம்,
பெங்களூர்.
10-11-1963

அன்பு மகள் சரளாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நல்லபடி இருக்கிறோம், பர்மிங்ஹாம் குளிரில் நீயும் நல்லபடி இருக்கிறாய் என்று உன் அடுத்த கடிதம் எங்களுக்குச் சொல்லட்டும். உன் கடிதமும் அதோடு வந்த நீல அட்டைப் புத்தகமும் மஞ்சள் அட்டைப் புத்தகமும் பத்திரமாய்க் கிடைத்தன. பதில் போட ஆறு வாரம் ஆக்கிவிட்டேன் என்று கோபப்படாதே, சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, நீ கேட்ட கேள்விக்குத்தான் அலைந்துகொண்டிருந்தேன். இங்கே மழை விட்டபாடில்லை, தெருக்குழாயில் வருவதும் மழைத்தண்ணீர் நிறந்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. பக்கத்து வீட்டு மௌரீன் டைப்பிஸ்ட் வேலையை விட்டுவிட்டு ஆஸ்திரேலியா போகப் பேப்பர் போட்டிருக்கிறாள், தெருவில் பாதிப்பேர் இப்படிக் கிளம்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

மார்ச்சில் நர்ஸ் படிப்பு முடிந்ததும் கப்பலில் வரமாட்டேன், துருக்கி, பாரசீகம், ஆப்கானிஸ்தான் வழியாக டூர் கம்பெனி பஸ்ஸில் தரைவழியாகவே வருவேன், கூடாரத்தில் தூங்குவேன் என்று நீ எழுதியதை அம்மாவுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன். அம்மா, இவள் என்ன ஓசூரிலிருந்தா பஸ்ஸில் வருகிறாள், முடிச்சுப் போட்ட பையோடு அடுகோடி ஸ்டாப்பில் இறங்கிவிடுவதற்கு என்று கேட்டாள். ஆனால் நீலம், மஞ்சள் இரண்டு கம்பெனியில் எது என்று நீங்கள்தான் சொல்லவேண்டும் அப்பா, நீங்கள் சொல்கிற வண்டியில்தான் ஏறுவேன், வேண்டாம் என்றால் கப்பல்தான் என்று முடித்திருந்தாயே, அந்த ஒரு வரியில் என்னைக் கட்டிப்போட்டுவிட்டாய். உன் உயிரை என் கையில் கொடுத்துவிட்டு நீ வார்டுக்குப் போய்விட்டாய். நீலப் புத்தகத்தில் லண்டனிலிருந்து இந்தியா வரைக்கும் ஒரு சிவப்புக் கோடு. அதை விரலால் தடவிக்கொண்டே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்திருந்தேன். தங்கவயலில் எட்டாயிரம் அடி கீழே பதினைந்து வருஷம் போய்வந்தவன் நான். பக்கவாட்டில் மட்டும் மதராஸைத் தாண்டினதில்லை. பூமிக்கு இவ்வளவு அகலம் உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

முதலில் மகாத்மா காந்தி ரோட்டில் நீலக் கம்பெனியின் ஏஜெண்டு ஆபீசுக்குப் போனேன். வொர்க்‌ஷாப்பிலிருந்து நேரே போனதால் காக்கி நிக்கர்தான். வாசலில் நின்ற பியூன், ஃபேன் ரிப்பேரா, பின்பக்கமாய்ப் போ என்றான். இங்கிலாந்துத் தபால் தலை ஒட்டின உன் கவரைக் காட்டினதும் அதே வாய் சார் என்றது. இந்த நாட்டில் மனுஷனுக்கு மரியாதை இல்லை, கவருக்குத்தான் மரியாதை. உள்ளே ஆராவமுதன் என்று ஒரு கிளார்க், வெள்ளைச் சட்டை, நல்ல மனுஷன்தான், நாற்காலி போட்டார். போன தடவை எத்தனை பேர் கிளம்பினார்கள், எத்தனை பேர் வந்து சேர்ந்தார்கள் என்று கேட்டேன். எல்லாரும் எங்கே தூங்குவது, என்ன சாப்பாடு என்று கேட்பார்கள், நீங்கள் வினோதமாய்க் கேட்கிறீர்களே என்று சிரித்தார். பிறகு காகிதத்தைப் பார்த்து, இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு, மூன்று வருஷமாய் ஒரு தலைகூடக் குறைந்ததில்லை என்றார். இந்த மாதமும் வண்டி வருகிறது, கொழும்பு போய்க் கப்பல் ஏறுகிறவர்களை ஏற்றிக்கொண்டு பெங்களூர் வழியாகத்தான் போகும், நீங்களே பாருங்கள் என்றார். வெளியே வரும்போது உனக்கு நீலம் என்று எழுதிவிடலாம் என்றே இருந்தேன்.

அந்த வண்டி என்னைத் தேடி வந்த மாதிரி எங்கள் வொர்க்‌ஷாப்புக்கே வந்தது சரளா. ஓசூர் ரோட்டில் பின்பக்க ஸ்பிரிங் பட்டை ஒன்று முறிந்து, சாய்ந்துகொண்டே அடுகோடிக்குள் நுழைந்தது. வேலை செய்கிறவர்கள் எல்லாம் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு எழுந்து நின்றார்கள். பக்கவாட்டில் ஊர்ப்பேர்கள் வரிசையாய்ப் பெயிண்டில் எழுதியிருந்தன, பாதிக்குமேல் கல்லடித்து உரிந்து கிடந்தது. முன்கண்ணாடியில் ஒரு விரிசல், அதை ஒட்டுத்துணி வைத்து ஒட்டியிருந்தார்கள். முதலாளி ஸ்ரீகண்டன் என்னைத்தான் வண்டிக்குக் கீழே இருக்கிற குழிக்குள் இறக்கினார். மட்கார்டுக்கு உள்ளே நாலு விரல்கடைக் கனத்துக்கு மண் அப்பிக்கொண்டு இறுகியிருந்தது. ஸ்குரூடிரைவரால் ஒரு கட்டியைப் பெயர்த்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பினேன். அப்படியே கை நின்றுவிட்டது. சுரங்கத்தில் பாறையை வெட்டினால் படிவம் படிவமாய்த் தெரியுமே, அதே மாதிரி. மேலே நம் ஊர்ச் செம்மண். அதற்குள்ளே சோலாப்பூர்ப் பக்கத்துக் கரிசல். அப்புறம் மைதா மாதிரி மஞ்சள் தூசி. அதற்கும் உள்ளே உப்புப் பூத்த வெள்ளை, பாரசீகத்து உப்புப் பாலைவனம் அதுதான் என்று டிரைவர் பிறகு சொன்னான். அப்புறம் சாம்பல் நிறம். கடைசியில் இரும்போடு ஒட்டிக்கொண்டு கருப்பாய், ஈரம் செத்த மண், அதில் ஒரு புல்லின் துண்டு. அடியில் இருப்பதுதான் பழசு, இது சுரங்கத்து ஆளுக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. அந்தக் கருப்பு மண் உன் ஊர் மண். நீ மிதிக்கிற மண் ஏழாயிரம் மைல் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து உன் அப்பன் உள்ளங்கையில் விழுந்தது. பத்து தேசம் நாலு விரல்கடைக்குள் அடங்கியிருந்தது. எவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேனோ, மேலேயிருந்து ஸ்ரீகண்டன், ஏனப்பா, ஒளகே மலகிபிட்டியா என்று கன்னடத்தில் கத்தினார். தூங்கவில்லை ஸ்வாமி, லண்டன் வரைக்கும் போய்விட்டேன் என்று சொன்னதற்கு எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கண்தான் கலங்கியது. கோயிலிலும் தங்கவயல் புத்த விகாரையிலும் வராதது அந்த எண்ணெய்க் குழிக்குள் எனக்கு வந்தது.

பட்டையை மாற்றிவிட்டு, வண்டிக்கு அடியில் இருந்த சாமான் பெட்டியை நகர்த்தினபோது உள்ளே ஒரு ஜோடி பழைய பூட்ஸ், ஒரு அடிபிடித்த கெட்டில், சுருட்டின ஒரு கம்பளி. யாருடையது என்று வெள்ளைக்கார டிரைவரைக் கேட்டேன், என் சுரங்கத்து இங்கிலீஷ் அவனுக்குப் புரிந்தது. சமையல்காரனுடையது என்றான். சமையல்காரன் எங்கே என்றேன். ஆப்கானிஸ்தானத்தில் காய்ச்சல் கண்டது, வழியில் ஒரு சத்திரத்தில் விட்டுவிட்டு வந்தோம், தேதி தவறினால் கொழும்பில் கப்பல் போய்விடும் என்றான். பேர் என்ன என்றேன். துருக்கியில் ஏறினான், நாங்கள் ஜானி என்று கூப்பிடுவோம் என்றான். இதையெல்லாம் ஒளிக்காமல்தான் சொன்னான், கெட்டவன் இல்லை. அப்படியானால் எத்தனை பேர் வந்து சேர்ந்தீர்கள் என்று கேட்டதற்குக் கொஞ்சமும் யோசிக்காமல், இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு என்றான். பூட்ஸை எடுத்துப் பழைய இரும்புக் குவியலில் போட்டான். நான் அதை எடுத்து வைத்திருக்கிறேன். அந்த ஆள் பிழைத்தானா, எனக்குத் தெரியாது.

இந்த இடத்தில் உன் சித்தப்பா கோவிந்தப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். பாறை வெடித்துச் செத்தான் என்பது உனக்குத் தெரியும், அது பாதிதான். அப்போது உனக்குப் பதினோரு வயது, மீதியைச் சொல்லவில்லை. சுரங்கத்தில் எங்களுக்கு நம்பர் போட்ட பித்தளை டோக்கன் உண்டு. இறங்கும்போது பலகையிலிருந்து எடுத்துக்கொண்டு போகவேண்டும், ஏறி வந்ததும் அதே ஆணியில் மாட்டவேண்டும். ஆணி காலியாக இருந்தால் ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். காண்டிராக்டில் வந்த கூலிகளுக்கு டோக்கன் கிடையாது, மேஸ்திரியின் வாய்க்கணக்குதான். கோவிந்தப்பா காண்டிராக்ட் கூலி. பாறை வெடித்த அன்றைக்குப் பலகையைப் பார்த்தார்கள், எல்லா ஆணியும் நிறைந்திருந்தது, ஆள் சேதம் இல்லை என்று எழுதிவிட்டுத் தேடுவதை நிறுத்தினார்கள். என் தம்பி கீழே இருக்கிறான் என்று நான் கத்தினதற்கு, கணக்கில் இல்லாதவன் எப்படியப்பா கீழே இருப்பான் என்று கேட்டார்கள். மூன்றாம் நாள் எடுத்தார்கள். அவன் உடனே சாகவில்லை. பக்கத்துப் பாறையில் கல்லால் தட்டித் தட்டி வெள்ளையாய் ஒரு தழும்பு இருந்தது.

நான் வேலையை விட்ட கடைசி நாள் என்ன நடந்தது தெரியுமா. டோக்கனை மாட்ட மறந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலடிக்கு வந்துவிட்டேன். ஆணி காலி. நாற்பது பேர் இரண்டு மணி நேரம் எனக்காகச் சுரங்கத்தைச் சல்லடை போட்டுச் சலித்திருக்கிறார்கள். போர்மேன் சைக்கிளை மிதித்துக்கொண்டு ரயிலடிக்கு வந்து என் தாயையும் பாட்டனையும் இழுத்துத் திட்டினான், நம்பரை ரத்து பண்ணியாயிற்று, நீயே வைத்துக்கொண்டு ஒழி என்றான். உயிரோடு டீ குடித்துக்கொண்டிருந்தவனுக்கு நாற்பது பேர், கல்லால் தட்டிக்கொண்டிருந்தவனுக்கு ஒருவரும் இல்லை. வித்தியாசம் ஒரு பித்தளைத் துண்டு. நீலக் கம்பெனியின் இருபத்தெட்டும் அந்தப் பலகை மாதிரிதான். நிறைந்த ஆணிகளைக் கண்டால் எனக்கு அன்றிலிருந்து பயம்.

அப்புறம்தான் மௌரீனைப் பிடித்து மஞ்சள் கம்பெனிக்கு லண்டனுக்கே ஏர்மெயிலில் அதே கேள்வியை எழுதச் சொன்னேன், கிளம்பினது எத்தனை பேர், சேர்ந்தது எத்தனை பேர். முந்தாநாள் பதில் வந்தது. டைப் அடித்ததுகூட இல்லை, வண்டி ஓட்டுகிறவரே கையால் எழுதியிருக்கிறார். முப்பது பேர் கிளம்பினோம், பயணிகள் இருபத்தைந்து, டிரைவர் இரண்டு, மெக்கானிக் ஒன்று, சமையல்காரர் ஒன்று, கிளீனர் ஒன்று என்று போட்டு ஐந்து பேருக்கும் பேர் எழுதியிருக்கிறார். இந்தியா வந்து சேர்ந்தது இருபத்தெட்டு. கிழக்குத் துருக்கியில் பனிச்சரிவில் கிளீனர் ஹசனுக்குக் கால் முறிந்தது, அவன் எழுந்து நிற்கும்வரைக்கும் இரண்டாவது டிரைவர் ஆஸ்பத்திரியில் கூடவே தங்கிவிட்டார், ஒற்றை டிரைவரோடு வண்டி ஒன்பது நாள் பிந்தியது, பயணிகள் கண்டபடி திட்டினார்கள், அவர்கள் திட்டினதில் நியாயமும் உண்டு, சௌகரியம் வேண்டுமென்றால் உங்கள் மகளைக் கப்பலில் வரச்சொல்லுங்கள் என்று முடித்திருக்கிறார். மௌரீன் படித்துக் காட்டிவிட்டு, என்ன மேன், ரெண்டு ஆள் குறைச்சல் என்று அவனே எழுதுகிறான், இதிலா பொண்ணை ஏத்துவீங்க என்றாள். நான் அந்தக் காகிதத்தை வாங்கி இன்னொரு தரம் பார்த்தேன். ஹசன் என்ற பேரைப் பார்த்தேன். எவனோ ஒரு கிளீனருக்காக ஒரு பஸ் ஒன்பது நாள் பிந்தியிருக்கிறது சரளா, இந்த உலகத்தில் அப்படியும் நடந்திருக்கிறது. மண்கட்டியைப் பார்த்தபோது நின்ற மாதிரியே அப்போதும் எனக்குக் கை நின்றுவிட்டது.

ஆகையால் மஞ்சள் வண்டியில் ஏறு. ஏறின முதல் நாளே சமையல்காரர் பேரையும் கிளீனர் பேரையும் தெரிந்துகொள், ஜானி கீனி என்று கூப்பிடாதே. ஒவ்வொரு ஊரிலும் கிளம்புமுன் நீயே எண்ணிப் பார், பயணிகளை மட்டும் அல்ல. நம்பினவர்களும் ஒருநாள் தவறலாம், அப்படி ஒரு ஆளை விட்டுவிட்டு வண்டி நகர்ந்தால் நீயும் இறங்கிவிடு, நீ நர்ஸ், உனக்கு அங்கே வேலை இருக்கும். வீடு வந்து சேருவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இந்த வரியை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. அவள் சொல்வது, உல்லன் பனியன் இரண்டு வைத்துக்கொள், கண்ட இடத்தில் தண்ணீர் குடிக்காதே, தலைக்கு எண்ணெய் வைக்காமல் பிசாசு மாதிரி வந்து இறங்காதே.

பொட்டலத்தில் ஒரு சிட்டிகை கருப்பு மண் மடித்திருக்கிறேன், அதன் இடத்திலேயே போட்டுவிடு. அதோடு என் டோக்கனும் இருக்கிறது, நம்பர் 1147, கழுத்தில் கயிறு கோத்துப் போட்டுக்கொள். ரிஜிஸ்தர் தபாலில் அனுப்புகிறேன், கிடைத்ததும் ஒரு வரி எழுது. நேற்று வாசல் நிலையில் ஒரு பழைய ஆணி அடித்தேன். எதற்கு என்று அம்மா கேட்டாள், நீ வந்து மாட்டுவதற்கு என்றேன். அவள் தலைப்பால் ஆணியைத் துடைத்துவிட்டுப் போனாள். அது காலியாக இருக்கும்வரைக்கும் நாங்கள் உன்னைத் தேடிக்கொண்டே இருப்போம். உலகத்தின் அகலம் முழுவதும் கண் நிறையப் பார்த்துவிட்டு, எந்தக் குறையும் இல்லாமல் வந்து சேர் மகளே.

இப்படிக்கு,
உன் அப்பா
க. முனிராஜ்
(அம்மா ஜானகியின் கைநாட்டு கீழே இருக்கிறது, ஆணியைத் துடைத்த கை, அதனால் கொஞ்சம் துருப் படிந்திருக்கிறது)